நோயும் குறியும்

(நமது சங்க வாலிபர் பகுதியின் மாதக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு, மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



பொதுவாகக் காணப்படும் நோய்களும் அவற்றின் குறிகளும் என்னும் பொருளிலே அரைமணி நேரம் பேசவேண்டுமெனக் காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டபோது நாம் சற்றுத் திகைத்தோம். வைத்திய பீடத்தில் மூன்றாம் வருடத்திற் படிக்கும் நாம் இன்னும் வைத்தியரல்லோம். நோயாளியின் கட்டிலருகே நிற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன. இப்பொருள்பற்றி நமது மேசையிலிருக்கும் புத்தகமோ ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. அதை அரைமணியிற் சொல்லப் புகுந்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். பட்டியலைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவர், அன்றிரவே அவற்றுள் ஏழு நோய் தமக்கு இருப்பதாகக் கண்டுபிடிப்பார். வைத்திய மாணவர் பலருக்கும் முதல் வருடத்திலே இந்த வருத்தம் வருவதுண்டு. நமக்கும் வந்து மாறியது.

நோயைப்பற்றிப் பேசுவோர் மருந்து என்னும் அதிகாரத்துக் குறளொன்றைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். இம்மேடையில் இவ்வருடம் அதை மூவர் சொல்லிவிட்டனர். ஆகவே நாம் அதை விடுத்து, நமது வீட்டிலே நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

நாம் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், மார்கழி மாதம். விடியற்காலை மூன்று மணியளவில் அம்மம்மா எழுந்து, மேல்வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்றார். உடம்பு வியர்த்திருந்தது, மார்கழிக் குளிரிலே சட்டை நனையும்படி வியர்த்திருந்தது. "ஒண்டுமில்லை, வாய்வுதான். ஆக்களை எழுப்பாதேங்கோ" என்று அவரே சொன்னார். உள்ளியும் இஞ்சியும் இடித்துக் கொடுத்தோம். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம். முதுகிலே தைலம் தேய்த்தது நாமே. அம்புலன்சுக்கு அழைக்கும் 1990 என்னும் இலக்கம் சுவரிலே கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அழைப்போமா என்று அம்மா ஒருமுறை கேட்டார். சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் ஊர் கூடிவிடுமே என்று அம்மம்மா தடுத்தார். ஏப்பம் இரண்டு வந்தது, இறுக்கம் சற்றுத் தணிந்தது, எல்லோரும் நிம்மதியடைந்தோம். காலை ஒன்பது மணிக்கு அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மாரடைப்பு. இதயத் தசையின் பெரும்பகுதி அதற்குள் இறந்துவிட்டது. எட்டாம் நாள் அம்மம்மா காலமானார்.

இதிலே யாரையும் நாம் குறைகூறவில்லை. வீட்டிலிருந்த ஐவருக்கும் அவர்மேல் அன்பிருந்தது. சுவரிலே இலக்கமும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: அது மாரடைப்பின் குறி என்ற அறிவு. மாரடைப்பென்றால் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று விழவேண்டும் என்றே சினிமா நமக்குக் கற்பித்திருந்தது.

நோவு பெரிதானால் நோயும் பெரிது, நோவு சிறிதானால் நோயும் சிறிது என்பது நமது வீடுகளிலே வழங்கும் அளவுகோல். அந்த அளவுகோல் பிழையானது என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த விஷயம். பல்வலி ஊரை எழுப்பும். தடிமனும் தலையிடியும் மனிதனைப் படுக்கையிற் போடும். ஆனால் அவை பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. கொல்லும் நோய்களிற் பல மெதுவாகக் கதவைத் தட்டுகின்றன. சில தட்டுவதேயில்லை. வேறு சில, போய்விட்டதுபோலப் பாசாங்கு செய்து திரும்பி வருகின்றன.

மாரடைப்பின் நோ நெஞ்சின் நடுவிலே பாரம் ஏற்றியதுபோல இருக்கும். தாடைக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் இடக்கைக்கும் ஓடலாம். பெண்களிடத்திலும் முதியோரிடத்திலும் சலரோகக்காரரிடத்திலும் நெஞ்சு நோவே இல்லாது, மேல்வயிற்று இறுக்கமாகவோ, ஓங்காளமாகவோ, காரணமில்லாத களைப்பும் மூச்சிளைப்புமாகவோ அது வரலாம். அம்மம்மா இம்மூன்று வகையிலும் சேர்ந்தவர். தாடைக்கும் கொப்பூழுக்கும் இடையிலே புதிதாய் ஓர் இறுக்கம் தோன்றி, வியர்வையும் சேர்ந்து, கால்மணி நேரத்தில் மாறாவிட்டால், வாய்வோ அல்லவோ என்ற ஆராய்ச்சியை ஆஸ்பத்திரியிலே நடத்தலாம். அங்கே ஈசீஜீ எடுக்கச் சில நிமிடமே பிடிக்கும். அது வெறும் வாய்வாகவே முடிந்தால் நட்டமொன்றுமில்லை. இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, முதல் ஓரிரண்டு மணி நேரத்திற் கொடுத்தால் மிக்க பயன் தரும். பன்னிரண்டு மணிக்குமேற் பெரும்பாலும் பயனில்லை. நோயாளியைச் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றிச் செல்லலாகாது. அந்த 1990 சேவை 2016 ஆம் ஆண்டிலே தொடங்கி 2018 இல் வடமாகாணத்துக்கும் வந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது. சத்தத்துக்கு வெட்கப்படுகிறவர்கள், செத்தவீட்டுப் பறையின் சத்தத்தையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இதற்கு உடன்பிறப்புப் பாரிசவாதம். மூளைக்குப் போகும் குழாய் அடைபடுவதாலோ உடைவதாலோ வருவது. இதற்கும் நோவு பெரும்பாலும் கிடையாது. சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபக்கம் இழுக்கும், இரு கையையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழும், பேச்சுக் குழறும். இம்மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் போதும். உடனே மணிக்கூட்டைப் பாருங்கள். அவர் கடைசியாகச் சுகமாயிருந்தது எத்தனை மணிக்கு என்பதுதான் ஆஸ்பத்திரியிலே கேட்கப்படும் முதற்கேள்வி. அடைப்பைக் கரைக்கும் மருந்தை இந்நோயிற் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள்ளேயே கொடுக்க இயலும். அடைப்பா உடைப்பா என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. தலையை ஸ்கான் செய்தே அறியவேண்டும். ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு நஞ்சு. ஆகையாற் பரியாரியாரின் எண்ணெய் பின்னர் இருக்கட்டும், ஸ்கான் முந்தட்டும். சோடாவோ கோப்பியோ பருக்கக் கூடாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பதால் அது சுவாசப்பைக்குட் போகும்.

சிலருக்கு இக்குறிகள் தோன்றிக் கால்மணி, அரைமணியில் முற்றாக மறைந்துவிடும். "கடவுள் காப்பாற்றினார், சரியாகிவிட்டது" என்று வீட்டார் ஆறுதலடைவர். கடவுள் காப்பாற்றியது உண்மையானாலும், அது ஓர் எச்சரிக்கை. பெரிய வாதம் அடுத்த சில நாட்களுக்குள்ளே வரக்கூடும். அன்றே வைத்தியரிடம் போகவேண்டும்.

இவ்விரண்டுக்கும் பின்னால் ஒளிந்திருப்பது இரத்த அழுத்தம். நமது ஊரிலே "பிறசர்" என்றால் தலைச்சுற்றும் கோபமும் என்று எண்ணுகிறார்கள். "எனக்குத் தலைச்சுற்று இல்லை, ஆகவே பிறசர் இல்லை" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் நியாயம் பேசினார். உண்மையில் உயர் இரத்த அழுத்தத்துக்குக் குறியே கிடையாது எனலாம். அளப்பது ஒன்றே வழி. ஆஸ்பத்திரியிலே பலமுறை அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேலிருந்தால் அது நோய். மாத்திரை எடுத்து அழுத்தம் சரியானவுடன், "இப்போது இல்லையே" என்று மாத்திரையை நிறுத்துவோர் பலர். குடை பிடித்திருக்கையில் நனையவில்லையென்று குடையை மடக்குகிறவரை நாம் என்ன சொல்வோம்?

இனிச் சலரோகம். இதைக் குறித்துச் சற்று விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும். நமது சங்கத்தவருக்கு இது மிக அண்மையிலுள்ள நோய்; இந்த மண்டபத்தில் இருப்பவருள்ளே பலரிடம் இது இருக்கிறது; சிலரிடம் இருப்பது அவர்களுக்கே தெரியாது. அதிக தாகம், அடிக்கடி சலம் போதல், உடம்பு மெலிதல் என்னும் மூன்றும் பாடப்புத்தகக் குறிகள். சலத்தில் எறும்பு மொய்ப்பதை முன்னோரும் கண்டு வைத்திருந்தனர். ஆனால் நடுத்தர வயதில் வரும் வகை, இக்குறிகள் தோன்றுமுன் வருடக்கணக்கில் உடம்பினுள்ளே சத்தமின்றி வேலை செய்யும். கண்ணின் பின்திரை, சிறுநீரகம், பாதத்து நரம்பு என்று ஒவ்வொன்றாகத் தின்னும். வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்திலே சீனி 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்து, மறுமுறை பார்த்தும் அவ்வாறே இருந்தால் அது சலரோகம். நாற்பது வயதைத் தாண்டியவரும், தாய் தந்தைக்கு இந்நோயிருந்தவரும் குறி வரும்வரை காத்திராமற் பார்த்துக்கொள்வது நல்லது.

பாதத்து நரம்பு கெட்டால் அங்கே நோவு தெரியாது. நோவில்லாமை சுகமென்று நாம் எண்ணுகிறோம். இவ்விடத்தில் அதுவே கேடு. செருப்புக் கழன்றது தெரியாமல் நடப்பார். முள் ஏறியது தெரியாது. நல்லூரிலே இருபத்தைந்து நாள் திருவிழாவிலும், நமது ஊர்க் கோயில்களிலும், நடுப்பகல் வெய்யிலிற் கொதிக்கும் மணலில் வெறுங்காலுடன் சுற்றுகிறோம். பக்கத்தில் வருபவர் "சுடுகிறது, சுடுகிறது" என்று துள்ளும்போது, சலரோகக்காரர் அமைதியாக நடந்துவருவார். பக்தியின் பலம் என்று நாமும் வியப்போம். மாலையிலே பாதம் முழுவதும் கொப்புளம். அந்தக் கொப்புளம் ஆறாது அழுகி, விரலை எடுத்து, பின்னர் காலை எடுத்து முடிந்த கதைகளை விடுதியிலே கேட்கிறோம். வீதி வலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதிகாலைப் பூசைக்குப் போகலாம், அந்திப் பூசைக்குப் போகலாம். படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கலாம். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.

மற்றது விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசமிருப்போர் நம்மிடையே உண்டு. இன்சுலினும் சில மாத்திரைகளும், உணவு வருமென்று நம்பித் தம் வேலையைச் செய்கின்றன. உணவு வராவிட்டால் இரத்தத்திற் சீனி அளவுக்கு மேல் இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பின் தடுமாற்றப் பேச்சு, பின் மயக்கம் என்பன அதன் குறிகள். "சாமி வந்துவிட்டது" என்று ஒரு வீட்டில் நினைத்ததாகவும் கேள்விப்பட்டோம். நினைவிருக்கும்போது மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்திலே தெளிவார். நினைவில்லாவிட்டால் வாயிலே எதுவும் விடலாகாது, ஆஸ்பத்திரிக்குத்தான். விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே வைத்தியரிடம் சொன்னால் அவர் மருந்தின் அளவை மாற்றித் தருவார், அல்லது இவ்வருடம் பால்பழ விரதம் போதும் என்பார். அவர் சொல்வதைக் கேட்பதனால் முருகன் கோபிப்பான் என்று நாம் நம்பவில்லை.

காய்ச்சலுக்கு வருவோம். ஒருகாலத்தில் இலங்கையிலே காய்ச்சலென்றால் மலேரியா. 1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியா பல்லாயிரம் உயிரைக் கொண்டுபோனது. பின் டீடீரீ தெளித்து 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே என்னும் நிலைக்கு வந்தோம். வேலை முடிந்ததென்று கை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னே நோய் இலட்சக்கணக்கிலே திரும்பி வந்தது. இறுதியில் 2016 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடெனச் சான்று தந்தது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ சென்று வந்தவர் காய்ச்சல் கண்டால், பிரயாணத்தை வைத்தியரிடம் மறவாமற் சொல்லவேண்டும். இளம் வைத்தியர்கள் மலேரியாவைக் கண்ணாற் கண்டிரார்கள்.

இப்போது அதன் ஆசனத்தில் இருப்பது டெங்கு. 2017 ஆம் ஆண்டு ஒன்றிலேயே இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். கடுங்காய்ச்சல், கண்ணின் பின்னால் நோ, மூட்டு உளைவு, தோலிற் சிவப்பு என்பன பலரும் அறிந்தவை. பலர் அறியாதது, பாசாங்கு செய்யும் நோய் என்று முன்னே சொன்னோமே, அந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையிலே காய்ச்சல் இறங்கும். தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "குளிர்ந்துவிட்டது" என்று விளக்கேற்றுவார். ஆபத்துத் தொடங்கும் நேரம் அதுதான். குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த ஓட்டம் தளர்ந்து, கை கால் சில்லிடும். காய்ச்சல் இறங்கியும் பிள்ளை உற்சாகமடையாமற் சோர்ந்து கிடந்தால், வயிறு நொந்தால், ஓயாது சத்தி எடுத்தால், முரசிலோ மூக்கிலோ இரத்தம் கண்டால், ஆறு மணி நேரமாகச் சலம் போகாதிருந்தால், அன்றிரவு விடியக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பனடோல் மாத்திரம் உரிய அளவிற் கொடுக்கலாம். அஸ்பிரினும், இபுபுரோபென், டைக்ளோபெனக் முதலிய நோமாத்திரைகளும் கூடா; அவை இரத்தப்பெருக்கை உண்டாக்கும். மாரடைப்பு நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் முதலில் மெல்லக் கொடுப்பது இதே அஸ்பிரின்தான் என்பதை எண்ணும்போது, அடுத்த வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்கும் வழக்கம் நமக்குப் பயத்தைத் தருகிறது.

எலிக்காய்ச்சல் வயற்காரரின் நோய். எலியின் சலம் கலந்த சேற்று நீர் காலிலுள்ள கீறல் வழியாக உட்புகும். 2024 திசெம்பரில், பெருவெள்ளத்தின் பின், நமது குடாநாட்டிலேயே இது சில உயிர்களைக் கொண்டுபோனது. கெண்டைக்காற் தசையில் தொடமுடியாத நோவும், சிவந்த கண்ணும், காய்ச்சலும் சேர்ந்தால் இதை நினைக்கவேண்டும். பின்னர் கண் மஞ்சளாகும், சலம் குறையும். சிலருக்குச் சுவாசப்பையே தாக்கப்படும். "வயலில் இறங்கினேன்" என்ற ஒரு சொல்லை வைத்தியரிடம் சொல்வது பாதி வைத்தியம். விதைப்புக்கும் அரிவுவெட்டுக்கும் முன்னரே சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்திலே தடுப்பு மாத்திரை பெறலாம். நெருப்புக் காய்ச்சல் கிணற்று நீரைக் கொதிக்கவைக்காது குடிக்கும் பழக்கத்தால் வருவது. நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்பதற்குமேல் அதைப்பற்றி இங்கு பேச வேண்டியதில்லை.

நோவில்லாத கட்டியும் புண்ணும் இன்னுமொரு கூட்டம். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர் வாயிலே வெள்ளைத் தழும்போ, சிவப்புத் தழும்போ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ தோன்றினால், நோகவில்லையென்று விட்டுவிடக் கூடாது. இலங்கையில் ஆண்களை மிகுதியாகப் பிடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. தொடக்கத்திற் கண்டால் வெட்டி மாற்றலாம். மார்பிலே தட்டுப்படும் கட்டியும் அவ்வாறே நோகாது. நமது தாய்மாரும் சகோதரிகளும் அதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மூடிவைக்கிறார்கள். வெட்கத்தினாற் சேலைத் தலைப்புக்குள் மறைத்துவைத்த கட்டி, கையை மீறிய பின் விடுதிக்கு வருவதை நாம் பார்த்தோம். வெளிறி, தொட்டால் உணர்வற்ற தோற்படை குட்டத்தின் குறியாகலாம். அதற்கு இன்று மருந்து உண்டு, பூரணமாக மாறும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளியைச் சோதிக்க வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு சேர்ந்தால் ஐயம் உறுதியாகும். கசமென்று கேட்டவுடன் மகளின் கலியாணம் குழம்பிவிடுமே என்று மறைக்கிறோம். மறைத்த வீட்டிலேதான் அடுத்தவருக்கும் வருகிறது. ஆறு மாத மருந்து அரசாங்கத்தில் இலவசம். ஒழுங்காக எடுத்தால் நோய் போகும், கலியாணமும் நடக்கும்.

வாலிப நண்பர்களுக்கு ஒன்று. நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை என்பன இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அதுவும் நோயே. சோம்பலன்று, கெட்ட குணமன்று. நம்மவரிடத்திலே அது தலையிடியாகவும் நெஞ்செரிவாகவும் உடல் உளைவாகவும் வேடம் பூண்டு வரும். பரீட்சைப் பெறுபேறு வந்த மாதத்தில் நண்பனொருவன் கதையைக் குறைத்துக்கொண்டால் அவன் வீட்டுக்குப் போய் இருந்து பேசுங்கள். 1926 என்னும் இலக்கத்திலும் உதவி கிடைக்கும்.

குறியை அறிந்தால் மாத்திரம் போதுமா? அதைச் சொல்லவும் தெரியவேண்டும். வெளிநோயாளர் பகுதியில் வைத்தியருக்கு ஒருவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். நமது ஆட்களோ மருமகள் வந்த கதையிலிருந்து தொடங்கி நோவுக்கு வருமுன் மணி அடித்துவிடும். நாம் படித்த மிஷன் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் நீண்ட பந்தியொன்றைத் தந்து மூன்றிலொரு பங்காகச் சுருக்கச் சொல்வார். அப்போது அவரை மனத்துக்குள் வைதோம். இப்போது நோயாளரின் வரலாற்றை எழுதும்போது நன்றியோடு நினைக்கிறோம். என்ன குறி, என்று தொடங்கியது, எது முன், எது பின், என்ன மருந்து எடுத்தீர்கள், சலரோகமும் பிறசரும் உண்டா என்பவற்றைக் கடதாசித் துண்டொன்றிலே எழுதிக்கொண்டு போங்கள். நாட்டு மருந்து குடித்திருந்தால் அதையும் ஒளிக்காதீர்கள். ஏச்சு விழுந்தாலும் விழட்டும்.

தமிழிலே சொன்னால் வைத்தியருக்கு விளங்குமோ என்று தயங்கவும் வேண்டாம். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே நமது பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவ்வளவு காலத்துக்கு முன்னரே நமது மொழி அந்த வேலையைச் செய்தது. உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு என்று நோவுக்கு நம்மிடம் உள்ள சொற்களுள் ஒவ்வொன்றும் வைத்தியருக்கு வெவ்வேறு செய்தி. விடுதியிலே சிங்கள நண்பர்களுக்காக நாம் அவற்றை மொழிபெயர்க்க முயன்று தோற்றதுண்டு.

நேரம் முடிந்ததென்று காரியதரிசி கையைக் காட்டுகிறார். மண்டபத்தின் பின்புறத்திலே மேசைபோட்டுத் தாதி ஒருவரும் நமது வகுப்புத் தோழர் இருவரும் இரத்த அழுத்தம் அளக்கும் கருவியுடன் காத்திருக்கிறார்கள். இரத்தச் சீனியும் விரல்நுனியிற் குத்திப் பார்க்கப்படும். ஏழு மணிவரை இருப்பார்கள். மூத்தோர் முதலில் வாருங்கள். முன்வரிசையிலே, இரண்டு வருடமாய் அளக்கவில்லை என்று இன்று பின்னேரம் படலையடியில் நம்மிடம் சொன்ன மாமா இருக்கிறார், அவரிலிருந்து தொடங்கலாம்.